மூலமும் படியும்



பாடசாலை அலுவலகம் ஒன்றிலே உள்ள புத்தகங்களுள் மிகுந்த மதிப்புடையது எது என்று அதிபர் ஒருவரைக் கேட்டால், அவர் சேர்வு இடாப்பையே சுட்டிக்காட்டுவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்துச் சென்ற ஒருவர், ஓய்வூதியத்தின் பொருட்டோ, பிறப்புச் சான்றிதழ் தொலைந்தமையின் பொருட்டோ, ஒருநாள் வந்து நிற்பார். தம் பெயரும் பிறந்த திகதியும் எழுதப்பட்ட ஒரே ஒரு வரியைக் காட்டுமாறு கேட்பார். அந்த வரி கிடைத்தால் அவர் மகிழ்ந்து செல்வார். அது செல்லரித்துப் போயிருந்தால், அதற்கு ஈடாக அவருக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் வேறொன்றும் இல்லை.

ஆகவேதான் இடாப்பு பழுதடையத் தொடங்கியதும் அதைப் புதிய புத்தகத்திலே பெயர்த்தெழுதுகின்றோம். ஓர் ஆசிரியர் வாசிப்பார்; மற்றொருவர் எழுதுவார்; பின்னர் இருவரும் இடம் மாறி இருந்து, எழுதியதைச் சரிபார்ப்பர். சரிபார்த்து முடியும்வரை பழைய இடாப்பை எவரும் அப்புறப்படுத்துவதில்லை. மூலத்திலிருந்து படி எடுத்தல், எடுத்த படியை மூலத்தோடு ஒப்புநோக்குதல், ஒப்புநோக்கி முடியும்வரை பழையதைக் காத்தல் என்னும் இம்மூன்றும் எளிய செயல்களாகவே தோன்றும். ஆயினும், மனித குலத்தின் அறிவுச் செல்வம் இன்றுவரை நிலைத்திருப்பது இவற்றாலேயே எனலாம். இவற்றுள் ஒன்று தவறியபோதெல்லாம் இழப்பு நேர்ந்திருக்கிறது. ஓலையில் எழுதிய காலத்துக்கு மாத்திரமன்று, கணினியிலே எழுதித் தொலைதூரத்துக் கணினிக்கு அனுப்பி வைக்கும் இக்காலத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். அந்த வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது நம்மவர் பழமொழி. படி எடுப்பதனாலேயே பிழை பிறக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிற நாட்டாரும் இதனை அறிந்தே இருந்தனர். கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, பாலஸ்தீனத்தில் உள்ள திபேரியா முதலிய ஊர்களிலே மசோரேத்தியர் எனப்படும் யூத அறிஞர் வாழ்ந்தனர். எபிரேய வேதத்தைப் படி எடுப்போர் பிழை செய்யாதவாறு காப்பது இவர்கள் மேற்கொண்ட பணி. இதற்கு இவர்கள் கண்ட வழி எண்ணுதலாகும். ஒவ்வொரு நூலின் இறுதியிலும் அதிலுள்ள வசனங்களின் தொகையைக் குறித்தனர். நூலின் நடுவே அமையும் வசனம் எதுவெனக் குறித்தனர். அரிதாக வரும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்பதை ஓரத்திலே எழுதி வைத்தனர். புதிய படியை எண்ணிப் பார்க்கும்போது தொகை ஒத்துவரவில்லையெனில், எங்கோ பிழை உண்டென்பது வெளிப்படும். படிக்கும் பொருளை விளங்கிக்கொள்ளாமலே, எண்ணிக்கை ஒன்றினால் பிழையைக் கண்டுபிடிக்கும் இவ்வுபாயத்தை நினைவிற் கொள்க. ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் இதே உபாயத்தை வேறோர் உருவிலே நாம் சந்திக்கப் போகிறோம்.

இம்மரபிலே தோன்றிய மிகச் சிறந்த படி, ஏறத்தாழ 930ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதும், பிற்காலத்திலே சிரியா நாட்டின் அலெப்போ நகரிற் காக்கப்பட்டதுமான ஏடாகும். அலெப்போ நகரத்து யூதர் அதனைக் கண்மணிபோற் காத்தனர். இரும்புப் பெட்டியிலே பூட்டி வைத்தனர். வெளியார் படி எடுப்பதையும் புகைப்படம் பிடிப்பதையும் பெரும்பாலும் அனுமதிக்கவில்லை. 1947ஆம் ஆண்டு அந்நகரிலே மூண்ட கலவரத்தில் தொழுகைக்கூடம் தீக்கிரையாயிற்று. அவ்வேடு 1958ஆம் ஆண்டு எருசலேமை அடைந்தபோது, அதன் பக்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காணப்படவில்லை. முழுமையான படி ஒன்று வேறெங்கேனும் இருந்திருப்பின் அவ்விழப்பு இத்துணைப் பெரிதாயிராது. பூட்டினால் மாத்திரம் காவல் முற்றுப்பெறாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலே சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் தொண்டை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். அவர் 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். 1887ஆம் ஆண்டு கலித்தொகையை வெளியிட்டார். பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே அவர் பாடத்தைத் துணிந்தார். ஓர் ஏட்டிலே சிதைந்த வரி மற்றோர் ஏட்டிலே முழுமையாய் இருந்தது. ஏடுகள் ஓரிடத்தில் மாத்திரம் இருந்திருந்தால் இப்பணி கைகூடியிராது. வெவ்வேறு ஊர்களிலே, வெவ்வேறு வீடுகளிலே அவை சிதறிக் கிடந்தமையே நமக்கு நன்மையாய் முடிந்தது.

இதே கருத்தை, அமெரிக்காவின் தலைவராகப் பின்னர் விளங்கிய தோமஸ் ஜெபர்சன் 1791ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார். பழைய அரச ஆவணங்களைத் திரட்டி அச்சிட முனைந்த எபனேசர் ஹசாட் என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆவணங்களைப் பெட்டகங்களிலே பூட்டி மக்கள் கண்ணுக்கு மறைத்து வைப்பதனால் அவற்றைக் காத்துவிட முடியாது, படிகளைப் பெருக்குவதே அவற்றைக் காக்கும் வழி என்பது அக்கடிதத்தின் சாரம். காலமும் விபத்தும் ஒவ்வொரு நாளும் மூலங்களை அழித்து வருகின்றன என்ற கவலையே அவரை இவ்வாறு எழுதத் தூண்டிற்று.

இனி, கணினிக் காலத்துக்கு வருவோம். எழுத்தும் எண்ணும் மின்குறிகளாக மாறிய பின்னர், பெயர்த்தெழுதும் வேலையை இயந்திரமே செய்யலாயிற்று. இயந்திரம் களைப்படையாது, உறங்காது, ஆனாற் பிழை செய்யும். 1947ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே றிச்சாட் ஹமிங் என்னும் கணித அறிஞர், வார இறுதி நாட்களிலே கணக்குகளைக் கணினியிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம். அக்கணினி, பிழை நேர்ந்துவிட்டதென்று தானாகவே கண்டுகொள்ளும். கண்டதும், அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை முடிந்திராது. பிழை உண்டென்று அறியும் இயந்திரம், அப்பிழை எவ்விடத்தில் என்பதையும் ஏன் அறியலாகாது என ஹமிங் சிந்தித்தார். அதன் பயனாக 1950ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குறிமுறைகளுக்கு அடிகோலியது. செய்தியுடன் சில சரிபார்ப்புக் குறிகளைச் சேர்த்து அனுப்பினால், வழியிலே ஒரு குறி கெட்டாலும், பெறுபவர் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே அவர் கண்ட வழி. மசோரேத்தியரின் எண்ணிக்கை கணிதமாக வளர்ந்தமைக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அடுத்து எழுந்தது தூரத்தின் பிரச்சினை. படியைத் தொலைவிலே வைக்கவேண்டும் என்பது சரியே. ஆயின், மூலம் நாள்தோறும் மாறுகிறது. நேற்று அனுப்பிய படி இன்று பழையதாகிவிடும். ஒவ்வொரு நாளும் முழுவதையும் மீண்டும் அனுப்புவதென்றால், காலமும் பணமும் போதா. 1990களிலே தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகள் பேசிக்கொண்ட வேகம் மிகக் குறைவு. இந்நிலையிலே 1996ஆம் ஆண்டு யூன் மாதம், அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பராவில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கெராஸ் என்னும் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். ‘ஆர்சிங்க்’ என்பது அதன் பெயர். ட்ரிட்ஜெல் 1999ஆம் ஆண்டு தமது கலாநிதிப் பட்ட ஆய்விலும் இதனை விரித்து எழுதினார். இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வரும் கருவி அது.

அதன் நுட்பத்தைச் சேர்வு இடாப்பை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலே மூல இடாப்பு இருக்கிறது. கொழும்பிலே அதன் பழைய படி இருக்கிறது எனக் கொள்வோம். இரண்டிடத்து ஆசிரியரும் தொலைபேசியில் மாத்திரமே பேசலாம். பேச்சுக்கோ கட்டணம் அதிகம். முழு இடாப்பையும் வாசித்துக் காட்டுவதற்குப் பதிலாக, கொழும்பு ஆசிரியர் தம்மிடமுள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்களைக் கூட்டி ஒரு தொகை சொல்கிறார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் அத்தொகைகளைத் தம் பக்கங்களோடு ஒப்பிடுகிறார். ஒத்துவரும் பக்கங்களை அனுப்பவேண்டியதில்லை. ஒவ்வாதவற்றை மாத்திரம் வாசித்தாற் போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முதற் பக்கத்திலே புதிதாக ஒரு வரியை இடையிற் செருகிவிட்டால் என்னாகும்? ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். பக்கங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிடும். உண்மையில் மாறியது ஒரே வரியாயினும், எல்லாத் தொகைகளும் வேறுபடும். முழு இடாப்பையும் மீண்டும் வாசிக்கவேண்டி நேரும். ட்ரிட்ஜெலும் மக்கெராசும் தீர்த்த முடிச்சு இதுவே. யாழ்ப்பாணத்து ஆசிரியர் பக்க எல்லையைப் பொருட்படுத்தாமல், எந்த வரியிலிருந்தும் ஒரு பக்க அளவை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார். ஒத்துவரவில்லையெனில் ஒரு வரி கீழே நகர்கிறார். நகரும்போது எல்லாவற்றையும் மறுபடி கூட்டவேண்டியதில்லை. வெளியேறும் வரியின் எண்ணைக் கழித்து, உள்ளே வரும் வரியின் எண்ணைச் சேர்த்தால் புதிய தொகை கிடைத்துவிடும். இவ்வாறு வழுக்கிச் செல்லும் கூட்டலால், இடம் பெயர்ந்த பகுதிகளையும் எளிதிற் கண்டுகொள்ளலாம்.

இரு வேறு பக்கங்களுக்குத் தற்செயலாக ஒரே தொகை வருவதும் உண்டல்லவா? அதனால் ஒத்த தொகை கண்டவிடத்து, இரண்டாவதாக ஒரு வலிய அடையாள எண்ணையும் இம்முறை ஒப்பிடுகிறது. இறுதியிலே முழுக் கோப்புக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணித்து இரு புறத்திலும் சரிபார்க்கிறது. ஒவ்வாவிடின் மீண்டும் செய்கிறது. அன்றியும், அது வழமையாக இயங்கும்போது, பழைய படியின் மேலேயே எழுதத் தொடங்குவதில்லை. பக்கத்திலே தற்காலிகமாக ஒரு புதிய படியைக் கட்டியெழுப்பி, அது நிறைவெய்திய பின்னரே பழையதன் இடத்தில் அதனை அமர்த்துகிறது. இடையிலே மின்சாரம் நின்றாலும், தொடர்பு அறுந்தாலும், பழைய படி பழுதின்றி இருக்கும். ஓலை எழுதிய காலத்தவர் கைக்கொண்ட ஒழுங்கு இங்கே இயந்திரத்தின் ஒழுங்காயிற்று.

ஆயினும், நேயர்களே, இவ்வளவு நுட்பமான கருவியும் ஓர் ஆபத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது. மூலத்தைப் போலவே படியும் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டால், மூலத்தில் இல்லாதவற்றைப் படியிலிருந்தும் நீக்குமாறு பணிக்கலாம். மூலத்திலே ஒருவர் தவறுதலாக எதையேனும் அழித்துவிட்டால், அடுத்த முறை கருவி இயங்கும்போது அவ்வழிவும் உண்மையுடன் படியெடுக்கப்படும். கண்ணாடி முகத்தின் அழகை மாத்திரமன்றிக் காயத்தையும் காட்டுமன்றோ? இதனை உணர்ந்தே, மூலத்தை வாசிப்பதில் தடை ஏற்பட்டால் நீக்கும் வேலையைத் தானாகவே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அக்கருவியிலே அமைத்திருக்கின்றனர். எதையும் மாற்றாமல், என்ன நிகழும் என்பதை மாத்திரம் முன்கூட்டிக் காட்டும் ஒத்திகை முறையும் அதில் உண்டு. ஆயின், மூலம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தால், வெறுமையே சரியென அது எண்ணிக்கொள்ளும். அங்கே காவல் செய்யவேண்டியது மனித அறிவே.

இதற்கு இரு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டலாம். 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டோய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப் படத்தைக் கணினியிலே உருவாக்கிக்கொண்டிருந்தது. எவரோ இட்ட அழிக்கும் கட்டளை ஒன்றினால், படத்தின் பெரும் பகுதி சில கணங்களில் மறைந்தது. காப்புப் படியிலிருந்து மீட்க முயன்றபோது, அப்படியும் சில காலமாகச் சரியாக எழுதப்படவில்லை என்பது தெரியவந்தது. தொழில்நுட்பப் பொறுப்பாளருள் ஒருவராகிய கலின் சஸ்மன் என்னும் பெண்மணி, அண்மையிலே குழந்தை பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்தும் வேலை செய்து வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கணினியிலே ஒரு படி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளாற் சுற்றி, மிகுந்த கவனத்துடன் மோட்டார் வண்டியிலே ஏற்றிவந்து வேலையை மீட்டனர். ஒரு தாயின் வசதிக்காக வேற்றிடத்தில் வைத்த படியே, பாதுகாப்புக்கென வைத்த படி கைவிட்டபோது, அந்நிறுவனத்தைக் காத்தது.

மற்றொன்று 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் திகதி நிகழ்ந்தது. கணினி நிரலாளர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்துவது கிட்லாப் என்னும் நிறுவனம். அங்கே முதன்மைக் கணினியில் உள்ள தரவுகளை இரண்டாவது கணினி தொடர்ந்து படியெடுத்து வந்தது. அன்றிரவு அப்படியெடுத்தல் தடைப்பட்டது. அதனைச் சீர்செய்ய முனைந்த பொறியியலாளர், இரண்டாவது கணினியில் உள்ளதை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கக் கருதினார். நள்ளிரவை நெருங்கிய வேளை. நீண்ட நேரம் உழைத்த களைப்பு. அழிக்கும் கட்டளையை அவர் முதன்மைக் கணினியிலேயே இட்டுவிட்டார். ஓரிரு கணங்களில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட் அளவான தரவுகளில் 4.5 கிகாபைட் மாத்திரமே எஞ்சியிருந்தன.

காப்புப் படிகளைத் தேடினர். ஐந்து வகையான ஏற்பாடுகள் இருந்தும், ஒன்றேனும் உரிய வேளையில் உதவவில்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த படி, மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால் எழுதப்படாமலே இருந்தது. அது தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. நல்லூழாக, அதே பொறியியலாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் எடுத்து வைத்த படி ஒன்று கிடைத்தது. அதனாலே ஆறு மணித்தியால வேலையை மாத்திரம் இழந்து அவர்கள் தப்பினர். அந்நிறுவனத்தார் தம் தவற்றை மறைக்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. நிகழ்ந்தவற்றையெல்லாம் விரிவாக எழுதி உலகறிய வெளியிட்டனர். பிறர் அத்தவற்றைச் செய்யாதிருக்க அது பேருதவியாயிற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் குறை எங்கே இருந்தது? படிகள் இல்லாமையன்று. படிகள் இருந்தன என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் அவற்றை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை. மீட்டுப் பார்க்காத காப்புப் படியை, நெல் அளந்து பார்க்காமலே நிறைந்ததாக எண்ணிய குதிருக்கு ஒப்பிடலாம். பஞ்சம் வந்த நாளிலேதான் அது வெறுமை என்று தெரியும். இக்காலத்து அறிஞர் இதற்கு எளிய விதி ஒன்றை வகுத்திருக்கின்றனர். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகையான சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். இதனோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். இன்றைய நிலையைக் காட்டும் படியோடு நேற்றைய, சென்ற வாரத்தைய படிகளையும் தனியே வைத்திருக்கவேண்டும். அவற்றிலிருந்து இடையிடையே மீட்டுப் பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் பிற நாட்டுக் கதைகளாகக் கேட்டுவிட்டுப் போக இயலாது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீ, யாழ்ப்பாணப் பொது நூலகத்தை விழுங்கிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே எரிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறெங்கேனும் படிகள் கிடைத்தன. ஆனால் வேறு படியில்லாத ஓலைச் சுவடிகளும் கையெழுத்து ஏடுகளும் மீளவில்லை. கட்டடம் மீண்டும் எழுந்தது. கட்டடத்தை எழுப்பக் கல்லும் சுண்ணாம்பும் போதும். ஒரே படியாய் இருந்த ஏட்டை எழுப்ப எதுவும் போதாது. இதனை உணர்ந்தோர் 2005ஆம் ஆண்டு ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படம்பிடித்து இணையத்திலே வைத்து வருகின்றனர். சிறு கிராமத்து அச்சகம் ஒன்றிலே வெளிவந்த மலரையும் இன்று உலகின் எம்மூலையில் இருந்தும் வாசிக்க முடிகிறது. படிகளைப் பெருக்கும் பழைய தொண்டே இங்கும் நடைபெறுகிறது.

நம் இல்லங்களிலும் இத்தகைய ஏடுகள் உண்டு. காணி உறுதி, பாட்டனார் எழுதிய கடிதம், மறைந்த தாயின் குரல் பதிந்த ஒலிப்பதிவு, கைத்தொலைபேசியில் கிடக்கும் பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆகியன எல்லாம் நமக்கு ஒரே படியாய் இருப்பவையே. அவற்றை வேறிடத்துக்கு அனுப்பும்போது மூன்று வினாக்களை நாம் கேட்டுக்கொள்வோமாக. அனுப்பியது அங்கே முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா? அதைத் திறந்து பார்த்தோமா? பார்த்து முடியும்வரை இங்குள்ளதை அழிக்காமல் வைத்திருந்தோமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை சொல்லக்கூடியவரிடத்தே, நாற்பது ஆண்டுகளின் பின் ஒருவர் வந்து தம் பெயர் எழுதிய வரியைக் கேட்கும்போது, அதனை எடுத்துக் காட்ட முடியும்.